பாப்பாவுக்கு ஒரு ஓடிபி

சரிதா கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கப் போனபோது அவள் அப்பா விஜயராகவன் தன் கிரெடிட் கார்டு கணக்கில் அவளுக்கும் ஒரு கார்டு வாங்கிக் கொடுத்தார். ஆட்-ஆன் கார்டு என்பார்கள். கணக்கு ஒன்று, கார்டு இரண்டு. மகள் எந்த ஊரில் எதை வாங்கினாலும் பில் புதுச்சேரிக்கு, லாஸ்பேட்டையில் இருக்கும் அப்பாவுக்கு வரும். இணையத்தில் வாங்கினால் ஓடிபி என்கிற ரகசிய எண்ணும் அவர் போனுக்குத்தான் வரும். அதனால் ஒரு செருப்பு வாங்குவதென்றாலும் சரிதா அப்பாவைக் கூப்பிட்டாக வேண்டும்.

“அப்பா, நம்பர் சொல்லுங்க.”

“நம்பர் எங்க ஓடிடப் போவுது? சாப்பிட்டியா, அத மொதல்ல சொல்லு.”

“டைம் முடிஞ்சிடும்பா!”

அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எண்ணைப் படிப்பதற்குள் பெரும்பாலும் நேரம் கடந்துவிடும். அவள் மறுபடி அனுப்பச் சொல்லுவாள். அந்த இடைவெளியில் இருவரும் மழை, பரீட்சை, பக்கத்து வீட்டு நாய் என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

பெங்களூரில் வேலை கிடைத்து, அப்பாவைவிட அதிகம் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் சரிதா அந்தக் கார்டை விடவில்லை. வாங்கியதற்கான பணத்தை மாதக் கடைசியில் அவர் கணக்கில் போட்டுவிடுவாள். அது பணத்துக்காக இல்லை என்று விஜயராகவனுக்குத் தெரியும். காரணம் இல்லாமல் போன் செய்து பேசுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இருந்ததில்லை. அந்தக் கார்டு அவர்களுக்கு ஒரு காரணமாக இருந்தது.

சரிதாவின் அம்மா ஹேமலதா இறந்து எட்டு வருடங்கள் ஆகின்றன. அப்போது சரிதா அலுவலக வேலையாக ஜெர்மனியில் இருந்தாள். “சாதாரணக் காய்ச்சல்தான், நீ உன் வேலையப் பாரு” என்றே விஜயராகவன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் அப்பாவோடு சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். “இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்ட மொதல்ல சொல்லுங்கப்பா.” அவரும் சரி என்றார்.

விஜயராகவன் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் வாங்குபவர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கும் வரிசையில் ஒரு நாள் அவர் நிர்மலாவைச் சந்தித்தார். அரசு மருத்துவமனையில் நர்சாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள் நிர்மலா. வைத்திக்குப்பத்தில் மீன் விற்ற அம்மாவுக்கு மூத்த மகளாகப் பிறந்து, தம்பிகளை ஆளாக்கி, தனக்கென்று கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலே இருந்துவிட்டாள். வரிசை நகரவே இல்லை. இருவரும் பேசிக்கொண்டே நின்றார்கள். அடுத்த வருடமும் அதே வரிசையில் சந்தித்தபோது, அவர் அதற்காகவே காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தது போல நிர்மலாவுக்குத் தோன்றியது. அது உண்மைதான்.

பதிவாளர் அலுவலகத்தில் திருமணம் நடந்தது. நிர்மலாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. சரிதா காலையில் வந்தாள், ஓட்டலில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். முகத்தைச் சுளிக்கவில்லை. ஆனால் நிர்மலாவோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அதன் பிறகு போனில் அப்பாவிடம் கேட்கும்போதுகூட “வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா” என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

சில மாதங்கள் கழித்து விஜயராகவன் அதே கணக்கில் நிர்மலாவுக்கும் ஒரு கார்டு வாங்கினார். மகளிடம் பேச்சுவாக்கில் அதைச் சொன்னார். அதோடு “நம்பர் சொல்லுங்க” என்கிற போன் நின்றுபோனது.

“பாப்பா இப்பல்லாம் எதுவும் வாங்கறதில்ல போலருக்கு” என்று அவர் எப்போதாவது சொல்வார். அவர் போனில் சரிதாவின் பெயர் ‘பாப்பா’ என்றுதான் இருக்கும். நிர்மலா தன் பெயர் பொறித்த அந்தக் கார்டைக் கைப்பையின் உள்ளறையில் போட்டுவைத்தவள் ஒரு தடவையும் வெளியே எடுக்கவில்லை. அதை வாங்கவே விட்டிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வருடம், பெங்களூரில் கல்யாணமாகியிருந்த சரிதாவுக்கு விவாகரத்து ஆனது. பல மாதங்கள் கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்து முடித்தவள், ஒரு வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டு தனியாக இலங்கைக்குக் கிளம்பினாள். கண்டியிலிருந்து அப்பாவுக்கு ஒரு படம் அனுப்பினாள். ஏரிக்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். விஜயராகவன் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“சிரிக்கிறா பாரு நிர்மலா.”

மறுநாள் காலையில் இருவரும் வழக்கம்போலக் கடற்கரைச் சாலையில் நடந்தார்கள். பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டும்போது விஜயராகவன் நின்றுவிட்டார்.

“வாயு புடிச்ச மாதிரி இருக்கு” என்று மார்பைத் தேய்த்தார்.

கடல் காற்று அடிக்கிற அந்த இடத்தில் அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. நிர்மலாவுக்கு அது போதும். அவரைக் கைப்பிடிச் சுவரில் உட்காரவைத்து, பையில் எப்போதும் வைத்திருக்கும் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னாள். காலையில் அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். சிவப்புத் தொப்பி போட்ட காவலர் ஒருவர் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நிர்மலா அவரைப் பார்த்து ஓடினாள்.

“சார், ஒரு ஆட்டோவ உள்ள விடுங்க. நெஞ்சு வலி.”

காவலர் தானே தடுப்பை இழுத்துத் தள்ளி, போய்க்கொண்டிருந்த ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார்.

ஆட்டோவில் விஜயராகவன் நிர்மலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் போனை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

“பாப்பாகிட்ட சொல்லாத.”

“நீங்க பேசாம இருங்க மொதல்ல.”

“இல்ல, சொல்லிடு, சொல்ல மாட்டேன்னு. இப்பதான் அவ வெளிய போயிருக்கா. எனக்கு ஒண்ணும் ஆவாது.”

“சொல்லல. பேசாம வாங்க.”

தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தாள். இதயத்தில் அடைப்பு இருக்கலாம், கொஞ்ச நேரத்தில் ஆஞ்சியோ செய்து பார்த்துவிடலாம் என்றார்கள். வலி குறைந்திருந்தது. அவரை உள்ளே ஒரு கட்டிலில் படுக்கவைத்தார்கள். நிர்மலா வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேருடைய மனைவிகளை இப்படி நாற்காலியில் உட்காரச் சொல்லியிருக்கிறாள். தானே அதில் உட்காருவது வேறு மாதிரி இருந்தது.

அப்போதுதான் விஜயராகவனின் போனில் ஓடிபி வந்தது. ஏதோ பயணக் கம்பெனிக்குப் பணம் கட்ட ஒரு எண். யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கீழே எழுதியிருந்தது. இந்த நேரம் பார்த்து எவனாவது கணக்கில் கை வைக்கிறானா? சற்று நேரத்தில் இன்னொரு எண் வந்தது. அதற்குப் பின்னாலேயே வாட்ஸ்அப்பில் போன் அடித்தது. திரையில் ‘பாப்பா’ என்று தெரிந்தது.

எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் மணி நின்றது. மறுபடி அடித்தது. நிர்மலா எடுத்தாள்.

“அப்பா, நம்பர் வந்திருக்கும் பாருங்க. சீக்கிரம் சொல்லுங்க.”

“நான் நிர்மலா பேசறேம்மா.”

“அப்பா இல்லையா?” என்றாள் சரிதா.

“அப்பா குளிக்கிறாரு.”

எப்படி அந்தப் பொய் அத்தனை சுலபமாக வந்தது என்று நிர்மலாவுக்கே தெரியவில்லை.

“அந்த நம்பர நீங்க சொல்ல முடியுமா? என் டெபிட் கார்ட இங்க ஏடிஎம் முழுங்கிடிச்சி. நான் இந்த ஊரு சிம் போட்டிருக்கேன், அதனால என் பேங்க் மெசேஜ் எதுவும் எனக்கு வரல, ஜீபேயும் தெறக்கல. அப்பா கார்டு ஒண்ணுதான் வேல செய்யுது. நாளைக்குப் போற ஊர்ல ரூம் போடணும்.”

இவ்வளவு நீளமாகச் சரிதா தன்னிடம் பேசுவது இதுதான் முதல் தடவை என்று நிர்மலா நினைத்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்தாள்.

“போயிடிச்சி. டைம் முடிஞ்சிடிச்சி. இன்னொரு தடவ அனுப்பறேன்.”

“அனுப்பும்மா. இருக்கேன்.”

இருவரும் காத்திருந்தார்கள். பேசுவதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் யாரோ சிங்களத்தில் கூவி ஏதோ விற்றுக்கொண்டு போனார்கள்.

“சாப்பிட்டியாம்மா?” என்றாள் நிர்மலா.

“ம்.”

எண் வந்தது. நிர்மலா ஒவ்வொன்றாகப் படித்தாள். “ஆயிடிச்சி. அப்பா வந்ததும் பேசச் சொல்லுங்க” என்று சரிதா வைத்துவிட்டாள்.

டாக்டர் வந்தபோது போன் இன்னும் நிர்மலாவின் கையில்தான் இருந்தது. இளம் டாக்டர். பொறுமையாகச் சொன்னார். “உள்ள போய்ப் பாப்போம். அடைப்பு இருந்தா அப்படியே ஸ்டென்ட் வெச்சிடலாம்மா. அதுக்கும் சேத்து ஒரு கையெழுத்து வேணும். நீங்க போடறீங்களா, இல்ல பிள்ளைங்க யாரயாச்சும் கேக்கணுமா?”

நிர்மலா பேனாவை வாங்கினாள். மனைவி என்று எழுதியிருந்த இடத்துக்கு எதிரில் பேனாவை வைத்தாள். கட்டிலில் இருப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது தடவையும் எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியுமா?

“ஒரு நிமிஷம் டாக்டர். அவர் பொண்ணுகிட்ட கேட்டுட்டு வரேன்.”

ஜன்னலோரம் போய் நின்று சரிதாவைக் கூப்பிட்டாள்.

“குளிச்சிட்டு வந்துட்டாரா?” என்றாள் சரிதா.

“இல்லம்மா. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். நாங்க ஆஸ்பத்திரில இருக்கோம். காலைல அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்திச்சி. உடனே கூட்டிட்டு வந்துட்டேன். இப்ப வலி இல்ல, பேசறாரு, பல்ஸ், பிபி எல்லாம் சரியா இருக்கு. ஆஞ்சியோ பண்ணப் போறாங்க. அடைப்பு இருந்தா ஸ்டென்ட் வெப்பாங்க. கையெழுத்து கேக்கறாங்க. உன்ன கேக்காம போட எனக்கு மனசு வரல.”

“என்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாரா?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் சொல்றீங்க?”

“நீ தெரிஞ்சிக்கணும்மா. அவ்வளவுதான்.”

“போடுங்க” என்றாள் சரிதா. “நீங்க நர்ஸ். உங்களுக்குத் தெரியும். கையெழுத்து போடுங்க. நான் அப்பாகிட்ட பேச முடியுமா?”

நிர்மலா கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். வாசலில் இருந்த நர்ஸ் போன் கூடாது என்றாள். “நானும் ஜிப்மர்ல, ஜிஎச்சுலன்னு இதே வாசல்ல நின்னு இதத்தான் சொல்லியிருக்கேன் கண்ணு. அர நிமிஷம். பொண்ணு வெளிநாட்டுல இருக்கா” என்றாள் நிர்மலா. அந்த நர்ஸ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விஜயராகவன் நிர்மலாவின் கையில் போனைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். கோபத்தோடு தலையை ஆட்டினார். நிர்மலா அதைக் கண்டுகொள்ளாமல் போனை அவர் காதில் வைத்தாள். மகள் என்ன சொன்னாளோ, அவர் முகம் மெல்ல இளகியது.

“இல்ல பாப்பா... இல்ல... வலி இல்ல. சத்தியமா. நீ சுத்திப் பாத்துட்டு மெதுவா...” அவர் சட்டென்று நிறுத்தினார். அப்புறம், “சரி. வா” என்றார். கண்ணோரத்திலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. நிர்மலா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பணம் கட்டும் இடத்துக்குக் கூப்பிட்டார்கள். முன்பணம் கட்ட வேண்டும். நிர்மலா கைப்பையின் உள்ளறையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து நீட்டினாள். கவுன்ட்டரில் இருந்த பெண் அதை இயந்திரத்தில் செருகப் போகும்போது போன் அடித்தது. பாப்பா.

“இன்னிக்கி ராத்திரி கொழும்புலேர்ந்து சென்னைக்கு ஒரு ஃப்ளைட் இருக்கு. கடைசி நேரம்ங்கிறதால ரொம்ப சொல்றான். ஆஸ்பத்திரிக்குக் கட்டிட்டீங்களா? நீங்க மொதல்ல கட்டுங்க. கட்டிட்டு லிமிட்டுல என்ன மிச்சம் இருக்கோ...”

நிர்மலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று கார்டுக்கும் கணக்கு ஒன்றுதான். வரம்பும் ஒன்றுதான். இங்கே கட்டினால் அங்கே டிக்கெட் எடுக்க முடியாமல் போகலாம்.

“அந்தக் கார்ட குடும்மா” என்று கவுன்ட்டர் பெண்ணிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். போனில் சொன்னாள், “நீ டிக்கெட் போடு. இங்க கட்டறதுக்கு என் பென்ஷன் பணம் இருக்குது. அது சும்மாதானே கெடக்குது.”

“அதெப்படி, உங்க பணத்த...”

“போடு சரிதா. பேசிட்டிருந்தா சீட்டு போயிடும்.”

பெயர் சொல்லி அதட்டிவிட்டோமே என்று நிர்மலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எண் வந்தது. இந்தத் தடவை நிர்மலா தயாராக இருந்தாள். நின்று நிதானமாக, மருந்தின் அளவைச் சொல்வது போலப் படித்தாள்.

“கெடச்சிடிச்சி” என்றாள் சரிதா. அப்புறம் அழுதாள்.

கவுன்ட்டர் பெண் காத்துக்கொண்டிருந்தாள். நிர்மலா தன் சொந்த வங்கிக் கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, அழுகை நிற்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அழாதே என்று சொல்லவில்லை.

சரிதா கண்டியிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். “வெளிய வந்துட்டாங்களா?” “இன்னும் இல்லம்மா.” “இவ்ளோ நேரம் ஆவுமா?” “ஆவும். ஒருத்தருக்கு ஒரு மாதிரி. நேரம் ஆவறதால பயப்பட ஒண்ணுமில்ல.” ஒரு தடவை எதையும் கேட்காமல் சும்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ் மலையில் வளைந்து வளைந்து இறங்கும் சத்தம் நிர்மலாவுக்குக் கேட்டது.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள் சரிதா. “நான் உங்கள ஒதுக்கறேன்னு நெனச்சீங்களா?”

“அந்தக் கார்டு விஷயம் உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன். நான் அத ஒரு நாளும் எடுத்ததில்ல. அப்பாகிட்ட சொல்லித் திருப்பிக் குடுத்துடலாம்னுகூட...”

“அய்யோ, கார்டு இல்ல.” என்றாள் சரிதா. “அம்மா சாகப் போறாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சிது. உங்கள கல்யாணம் பண்ணிக்கப் போறாருன்னு என் சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரியுமா உங்களுக்கு? அப்பா அதுக்கு அடுத்த வாரம்தான் சொன்னாரு. கார்டயும் வாங்கிட்டு அப்புறம் சொன்னாரு. நீங்க நல்லவங்களா கெட்டவங்களான்னு நான் யோசிக்கவே இல்ல. எல்லாமே முடிஞ்சப்புறம் வந்து சேர்ற ஆளா என்ன வெச்சிருக்காரேன்னுதான். அதுக்கப்புறம் நம்பர் கேட்டு போன் பண்ண எனக்கு வாய் வரல.”

சித்தப்பா சொல்லித்தான் மகளுக்குத் தெரியும் என்பது நிர்மலாவுக்குத் தெரியாது. விஜயராகவன் அதைச் சொன்னதில்லை. அவர் பயந்திருப்பார். பயந்து பயந்து தள்ளிப்போட்டிருப்பார். அவரை நினைத்து அவளுக்கு எரிச்சலும் பாவமும் ஒன்றாக வந்தன.

“உங்கப்பாவுக்கு நல்ல சேதியக்கூட நேரா சொல்ல வராதும்மா” என்றாள். “என்ன கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்க வந்துட்டு, ஒரு மணி நேரம் மோட்டார் ரிப்பேரப் பத்திப் பேசிட்டுப் போனாரு.”

பஸ் சத்தத்துக்கு நடுவில் சரிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பது கேட்டது.

“இனிமே நான் சொல்றேன்” என்றாள் நிர்மலா. “அவர் சொல்லலன்னாலும் நான் சொல்றேன்.”

மதியத்துக்குப் பிறகு டாக்டர் வெளியே வந்தார். ஒரு இடத்தில் அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வைத்தாயிற்று, நன்றாக இருக்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நிர்மலா பாப்பாவைக் கூப்பிட்டுவிட்டாள். “நீயே கேளு” என்று போனை டாக்டரிடமே கொடுத்தாள். டாக்டர் திகைத்துப்போய், கொழும்பு விமான நிலைய வாசலில் நின்றிருந்த ஒரு பெண்ணுக்கு முதலிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் சொன்னார்.

மறுநாள் விடிந்த பிறகு சரிதா முதுகுப் பையோடு மருத்துவமனைக்குள் வந்தாள். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். தலை கலைந்து, கண் வீங்கியிருந்தது. வராந்தா கடைசியில் நிர்மலா எழுந்து நின்றாள். பக்கத்தில் வந்ததும் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நிர்மலா அவள் முதுகிலிருந்து பையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

“உள்ள போ. முழிச்சிட்டுதான் இருக்காரு.”

விஜயராகவன் மகளைப் பார்த்ததும் முதலில் குற்றம் சொன்னது நிர்மலாவைத்தான். “சொல்லாதன்னு அவ்ளோ சொன்னேன், கேட்டாளா?”

“அப்பா” என்றாள் சரிதா. “அவங்க சொல்லலன்னா இதோட நான் உங்ககிட்ட பேசியே இருக்க மாட்டேன்.”

அவர் ஊசி குத்தாத கையை நீட்டினார். சரிதா அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் தலையைச் சாய்த்தாள். நிர்மலா கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சரிதா அவளைத் தேடி வந்தாள். இருவரும் கீழே கேன்டீனுக்குப் போனார்கள். நிர்மலா கேட்காமலே இட்லி வாங்கி வைத்தாள். சரிதா பசியோடு சாப்பிட்டாள். பாதியில் கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

“உங்கள என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியல எனக்கு.”

“அதுக்கு ஏன் கவலப்படற? பேரச் சொல்லியே கூப்பிடு. இல்லன்னா சிஸ்டர்னு கூப்பிடு. இத்தன வருஷமா ஊரே என்ன அப்படித்தான் கூப்பிடுது.”

“அப்பா பொண்டாட்டிய யாராச்சும் சிஸ்டர்னு கூப்பிடுவாங்களா?” சரிதாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. நிர்மலா அவள் உச்சந்தலையில் தட்டினாள். தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தாள்.

அவரை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் சரிதா நாலைந்து நாள் இருந்தாள். மருந்துகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்தாள். ஊறுகாய் ஜாடியை அப்பாவின் கைக்கு எட்டாத மேல் தட்டில் ஏற்றினாள். நிர்மலாவின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று இரண்டு தடவை பேச்சை எடுத்தாள். இரண்டு தடவையும் நிர்மலா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மூன்றாவது தடவை அவள் எடுக்கவில்லை.

கிளம்புகிற அன்று நிர்மலா அவளைத் தன் ஸ்கூட்டரில் பஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சரிதா பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

“உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது. குப்பத்துல பொறந்துட்டு இதச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. தம்பிங்க எப்பப் பாரு கடல்லயே கெடப்பானுங்க. என்ன எங்கம்மா மீன் கூடைக்குக் காவல் வெச்சிடும்.”

“எனக்குத் தெரியும். பெங்களூருல கத்துக்கிட்டேன். அடுத்த தடவ வரும்போது உங்களுக்குக் கத்துத் தரேன்.”

“இந்த வயசுலயா?”

“ஏன், அம்பத்தாறு வயசுல கல்யாணம் பண்ணிக்கலையா?”

நிர்மலாவுக்கு வந்த சிரிப்பில் ஸ்கூட்டர் ஆடியது. சரிதா பயந்துபோய் அவள் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். பஸ் நிலையம் வரும்வரை அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.

நிர்மலா வீடு திரும்பியபோது விஜயராகவன் வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“ஏறிட்டாளா?”

“ஏறிட்டா. ஜன்னலோர சீட்டு.”

“என்ன பேசிட்டுப் போனீங்க ரெண்டு பேரும்?”

“எனக்கு நீச்சல் கத்துத் தரப் போறாளாம்.”

விஜயராகவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னவோ சொல்ல வந்தார். சொல்ல வராமல், மேல் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவது சரியில்லை, மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார்.

“பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு, நிர்மலா அவருக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வர உள்ளே போனாள்.